அரியலூர் சிரிக்கிறதா, அழுகிறதா? எண்களுக்கு முகம் வரையும் கணக்கு!

வைகுண்ட ஏகாதசி அன்று ஸ்ரீரங்கம் கோயிலில் திரளும் கூட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றும். எள் போட்டால் எள் விழாது. ஆனால் அந்த நெரிசலிலும் நம் அத்தையின் முகம் தட்டுப்பட்டால் போதும், ஒரே நொடியில் "அதோ அத்தை!" என்று கை நீண்டுவிடும். அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, களைத்துப் போயிருக்கிறாரா, யார் மீதாவது கோபமா என்பதும் அதே நொடியில் தெரிந்துவிடும்.

அதே கண்களுக்கு முன்னால் ஓர் அட்டவணையை நீட்டிப் பாருங்கள். பத்து வரிசை, பன்னிரண்டு பத்தி, அத்தனையும் எண்கள். இரண்டாவது வரிசையிலேயே கொட்டாவி வந்துவிடும்.

'முகத்தைப் படிப்பதில் மனிதர்கள் இவ்வளவு கெட்டிக்காரர்கள் என்றால், எண்களையே முகமாக வரைந்து கொடுத்தால் என்ன?' இப்படி யோசித்தவர் ஹெர்மன் செர்னாஃப். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புள்ளியியல் பேராசிரியர். 1973-ல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையில் கார்ட்டூன் முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. இன்றும் அவற்றுக்கு 'செர்னாஃப் முகங்கள்' என்றே பெயர்.

கண் ஓர் எண், வாய் ஓர் எண்!

விஷயம் எளிமையானது. ஒவ்வொரு எண்ணுக்கும் முகத்தின் ஓர் அம்சத்தை ஒதுக்க வேண்டும். ஓர் எண் கூடினால் கண் பெரிதாகும். இன்னோர் எண் குறைந்தால் வாய் கீழ்நோக்கி வளையும். மூக்கின் நீளம், புருவத்தின் சாய்வு, முகத்தின் அகலம் என்று 18 எண்கள் வரை ஒரே முகத்தில் அடக்கலாம் என்றார் செர்னாஃப்.

அவர் முதலில் வரைந்தது மனிதர்களைப் பற்றிய எண்களை அல்ல. 87 தொல்லுயிர்ப் படிமங்களின் அளவுகளை முகங்களாக்கினார். மலையில் 4,500 அடிக்குத் துளையிட்டு எடுத்த பாறையின் 53 மாதிரிகளில் என்னென்ன கனிமங்கள் எவ்வளவு இருந்தன என்பதையும் முகங்களாக்கினார். ஒன்று போன்ற முகங்களைச் சேர்த்து வைத்தால், ஒன்று போன்ற படிமங்களும் பாறைகளும் தாமாகக் கூடிவிடும் என்பதுதான் கணக்கு.

சில கோடுகளே ஒரு முகத்துக்குப் போதும் என்பது நமக்குப் புதிதல்ல. திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய் வாங்கி, உருட்டு விழியும் முறுக்கு மீசையும் வரைந்து புது வீட்டு வாசலில் கட்டினால், அது காய் என்பதே மறந்து 'முறைக்கிறது' என்கிறோம். கார், பஸ்ஸின் முன்பக்கத்தில்கூட நமக்கு முகம் தெரிகிறது. செர்னாஃப் நம்பியது இந்தப் பழக்கத்தைத்தான்.

ஒரு தாய்க்கு நான்கு பிள்ளைகள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். இன்றைய திருச்சி, கரூர், பெரம்பலூர், அரியலூர் ஆகிய நான்கும் ஒரு காலத்தில் ஒரே திருச்சி மாவட்டமாக இருந்தவை. 1995-ல் கரூரும் பெரம்பலூரும் தனிக்குடித்தனம் போயின. பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர், 2007-ல் நிரந்தரமாகத் தனி மாவட்டமானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டு இந்த நான்கு பேருக்கும் முகம் வரைவோம். ஒரு பேப்பரும் பென்சிலும் போதும்.

முகத்தின் அளவு: மக்கள்தொகை. திருச்சி 27.2 லட்சம், கரூர் 10.6 லட்சம், அரியலூர் 7.5 லட்சம், பெரம்பலூர் 5.7 லட்சம். ஆக, திருச்சிக்குப் பூசணிக்காய் முகம். பெரம்பலூருக்கு எலுமிச்சம்பழ முகம்.

கண்: எழுத்தறிவு. நூற்றுக்கு எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? திருச்சியில் 83, கரூரில் 76, பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. திருச்சிக்கு அகன்ற விழி. அரியலூருக்குக் கொஞ்சம் சுருங்கிய கண்.

வாய்: ஆண்-பெண் விகிதம். ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள்? திருச்சியில் 1,013, கரூரில் 1,015, பெரம்பலூரில் 1,003, அரியலூரில் 1,015. தமிழ்நாட்டின் சராசரி 996. நான்குமே சராசரியைத் தாண்டியவை என்பதால் நான்கு வாய்களும் மேல்நோக்கி வளைகின்றன. அதிலும் அரியலூருக்கும் கரூருக்கும் காது வரை நீளும் சிரிப்பு!

படம் முடிந்தது. பார்க்கிறவர் என்ன சொல்வார்? 'அரியலூர் படிப்பில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் பெண்கள் விஷயத்தில் நல்ல ஊர்!'

வாயை மட்டும் அழித்து வரைந்தால்...

ஒரு ரப்பர் எடுத்து, வாயை மட்டும் அழித்துவிடுங்கள். முகத்தின் அளவு அப்படியே இருக்கட்டும், கண்ணும் அப்படியே இருக்கட்டும். வாய்க்கு வேறோர் எண்ணைக் கொடுப்போம். அதே கணக்கெடுப்பில், அதே மாவட்டங்களுக்கு, ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு எத்தனை பெண் பிள்ளைகள் என்ற எண்.

திருச்சி 952. கரூர் 939. பெரம்பலூர் 913. அரியலூர் 897. தமிழ்நாட்டின் சராசரி 943.

திருச்சியின் சிரிப்பு அப்படியே இருக்கிறது. கரூரின் சிரிப்பு மறைந்து, உதடு நேர்கோடாகிறது. பெரம்பலூர் முகம் வாடுகிறது. சற்று முன்பு காது வரை சிரித்த அரியலூர் இப்போது உதடு பிதுங்கி அழுகிறது.

இரண்டு எண்களும் உண்மை. அப்படியென்றால் முரண்பாடு எங்கே?

பெரியவர்களையும் சேர்த்து எண்ணும்போது வேறு காரணங்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. பெண்களின் ஆயுள் பொதுவாக ஆண்களைவிட அதிகம். பிழைப்புக்காக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட ஆண்கள் ஊர்க் கணக்கில் வருவதில்லை. அதனால் பெண்களின் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். குழந்தைகள் வேலை தேடித் தனியாக ஊரைவிட்டுப் போவதில்லை. அவர்களுடைய எண்ணிக்கைதான் அந்த ஊர் பெண் பிள்ளையை எப்படி வரவேற்கிறது என்பதைக் காட்டும்.

இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள். திருச்சியின் 952 அதை ஒட்டியே இருக்கிறது. அரியலூரின் 897 ஆயிரத்துக்கு ஐம்பதுக்கும் மேல் குறைகிறது. வராமல் போன, அல்லது வந்தும் தங்காமல் போன பெண் பிள்ளைகள் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. கருவிலேயே ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின் எண்கள் வந்த பிறகு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டத்தைத் தமிழக அரசு நீட்டித்தது. மொத்த விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் அரியலூருக்குத் தொட்டில் தேவை என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

வரைகிறவர் கையில் அதிகாரம்

முகத்தில் எல்லா உறுப்புகளும் சமம் இல்லை. மூக்கு அரை அங்குலம் நீண்டாலும் கவலைப்படமாட்டோம். வாய் இம்மி அளவு கோணினாலும் மனம் பதறும். ஆகவே எந்த எண்ணை வாயில் வைக்கிறோம், எதை மூக்கில் ஒளிக்கிறோம் என்பதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது.

இது செர்னாஃபுக்கும் தெரிந்தே இருந்தது. 1975-ல் அவரும் ஹசீப் ரிஸ்வியும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். எந்த எண்ணுக்கு எந்த உறுப்பு என்பதை மாற்றி மாற்றிப் போட்டு, முகங்களை ரகம் பிரிக்கச் சொன்னார்கள். உறுப்புகளை இடம் மாற்றுவதால் மட்டுமே தவறுகளின் விகிதம் சுமார் 25 சதவிகிதம் வரை மாறக்கூடும் என்று தெரிந்தது.

1977-ல் புவியியலாளர் யூஜின் டர்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வரைபடம் முழுக்க முகங்களை வரைந்தார். வசதி, வேலையின்மை, நகர வாழ்வின் நெருக்கடி, வெள்ளையர்களின் விகிதம் என்று பகுதிக்கு நான்கு தகவல்கள். எந்தப் பகுதி செழிக்கிறது, எந்தப் பகுதி தவிக்கிறது என்பது ஒரே பார்வையில் புரிந்தது. ஆனால் இன விகிதத்தை முகத்தின் நிறமாகக் காட்டலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஒரு பகுதிக்குச் சோக முகம் வரைந்துவிட்டால், அங்கே சிரித்து வாழ்கிறவர்களும் அந்த முகத்துக்குள் அடைபட்டுவிடுகிறார்கள்.

நாடுகளுக்கும் இதே கதைதான். தனிநபர் வருமானத்தை வாயில் வைத்தால் அமெரிக்கா பல் தெரியச் சிரிக்கும். சராசரி ஆயுளை வாயில் வைத்தால் ஜப்பான் சிரிக்கும், அமெரிக்காவின் சிரிப்பு சுருங்கும். எந்தச் சிரிப்பு 'உண்மை' என்பதை நாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வரைந்தவரின் கேள்வி என்ன என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

'ஆர்' என்ற இலவச மென்பொருளில் இந்த முகங்களை வரையும் வசதி உண்டு. கணினி இல்லாமலும் விளையாடலாம். பிள்ளையின் நான்கு தேர்வு மதிப்பெண்களுக்கு நான்கு முகங்கள் வரையுங்கள். முதலில் கணக்குப் பாட மதிப்பெண்ணை வாயில் வையுங்கள். பிறகு தமிழை வையுங்கள். அதே பிள்ளை, அதே மதிப்பெண், ஆனால் முகம் மாறும். ஒரே பாடத்தை வைத்து 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்' பெற்றோருக்கு இது நல்ல பாடம்.

முகத்தின் பலவீனம் ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 952-க்கும் 939-க்கும் உள்ள வித்தியாசத்தை உதட்டு வளைவில் அளந்து சொல்ல முடியாது. முகம் நம்மைக் கூப்பிடும். போய் நின்று விசாரிக்க எண்தான் வேண்டும்.

போனில் தினமும் ஏதாவதொரு 'டாப் 10' பட்டியலோ, சிவப்பு பச்சை வரைபடமோ, சிரிக்கும் பொம்மையோ வந்து விழுகிறது. ஃபார்வர்டு செய்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வாயில் எந்த எண்ணை வைத்திருக்கிறார்கள்? எதை வரையாமல் விட்டார்கள்? இது எந்த வருடத்துக் கணக்கு?

மூன்றாவது கேள்வி இந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். இங்கே வரைந்த முகங்கள் 2011-ம் ஆண்டுக்குரியவை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. 2011-ல் அரியலூரில் எண்ணப்பட்ட அந்தச் சிறுமிகள் அப்போது பதினாறு வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்குப் பின் எத்தனை தங்கைகள் பிறந்து வளர்கிறார்கள் என்ற எண் வந்ததும், அரியலூரின் வாயை மீண்டும் ஒருமுறை அழித்து வரைய வேண்டும். இந்த முறை பென்சில் மேல்நோக்கி வளையட்டும்.