கோழித்தீனியும் நொதிகளும்

கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வழக்கத்தை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தாய்மார் நன்கறிவர். தானியம் முளைக்குங்கால் அதனுள் உறங்கும் நொதியொன்று விழித்தெழுந்து, கட்டுண்டு கிடந்த சத்துக்களை விடுவிக்கின்றது. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு முளைகட்டிக் கொடுப்பார் யார்? ஆகவே, அந்நொதியையே தனியே உண்டாக்கித் தீனியிற் கலப்பது இக்காலத்து வழக்கமாயிற்று.

நொதி யாதெனின், தான் செலவழியாமல் ரஸாயன மாறுதலை விரைவுபடுத்தும் ஒருவகைப் புரதமாம். கோழிக்குப் பல் இல்லை. தீனிப்பையில் ஊறிய இரை, சுரப்புவயிற்றின் அமிலத்தில் நனைந்து, சிறு கற்களின் துணையால் அரைவைப்பையில் அரைபட்டுக் குடலை அடைகின்றது. மாவும் புரதமும் கோழியின் சொந்த நொதிகளாலேயே பெரும்பாலும் ஜீரணமாகின்றன. இடர்ப்படுவது பாஸ்பரஸ் சத்தேயாம். மக்காச்சோளத்திலும் சோயாப் பிண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு, பைட்டேட் என்னும் பூட்டினுள் அடைபட்டிருக்கிறது. அப்பூட்டு சுண்ணச்சத்தையும் துத்தநாகத்தையும் உடன் பற்றிக்கொள்ளும். அதனைத் திறக்கும் பைட்டேஸ் நொதி கோழியின் குடலிற் போதிய அளவு சுரப்பதில்லை. உள்ளே சென்ற செல்வம் எச்சத்தோடு வெளியேற, எலும்பு வலுப்பெறுதற்கென வேறு பாஸ்பேட்டை விலைகொடுத்துச் சேர்க்கவேண்டியதாகிறது. அதற்கு மூலமான பாறைப் பாஸ்பேட்டின் பெரும்பகுதி நம் நாட்டிற்கு வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது.

1907-ஆம் ஆண்டில் சுஸுக்கி முதலிய ஜப்பானிய அறிஞர் அரிசித் தவிட்டில் இந்நொதியைக் கண்டனர். எனினும் 1991-இல்தான், பூஞ்சையினின்று பெற்ற பைட்டேஸ் ஹாலந்து தேசத்தில் விற்பனைக்கு வந்தது. எருவின் பாஸ்பரஸ் நீர்நிலைகளைக் கெடுத்தமையே அங்கு அதனை விரைந்து வரவழைத்தது. நம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதற்குப் பெருநகரக் கழிவுகளைத்தான் குற்றஞ் சொல்லவேண்டும், கோழியையன்று. ஆயினும் எருவிட்ட நிலத்தின் மழைநீர் ஏரிகளையே சேருமாதலின், ஹாலந்தின் கவலை நமக்கும் அயலதன்று.

நொதியைக் கொட்டிவிட்டாற் போதுமென்று எண்ணுதல் தவறு. வழக்கமான பாஸ்பேட்டைக் குறைக்காமலே நொதியையுஞ் சேர்த்தால் பணம் விரயமாவதன்றி வேறு பயன் அரிது. சுண்ணாம்பு மிகுந்தால் அது பைட்டேட்டோடு பிணைந்து நொதியின் வேலையைத் தடுக்கும். முட்டைக்கோழித் தீனியில் இது முக்கியமான செய்தி. மேலும் தீனியைக் குருணைகளாக அழுத்தும் ஆலையில் நீராவியின் வெப்பம் 80 பாகையைத் தாண்டுவதுண்டு. வெந்த முட்டையைப் போல நொதியும் திரிந்துபோம். அதனாலே மேற்பூச்சிட்ட நொதியையோ வெப்பந் தாங்கும் இனத்தையோ இடுவர். அன்றி, குருணை ஆறியபின் நொதிநீரைத் தெளிப்பர். ஒரு கிலோ தீனிக்கு 500 அலகு என்பது பொதுவான அளவு.

கோதுமை மிகுந்த தீனிக்கு ஸைலனேஸும், வாற்கோதுமைக்குப் பீட்டா-குளுக்கனேஸும் உதவும். தானியத்தின் நார்ப்பொருளால் குடலிற் பசைபோல் தடித்து நிற்கும் குழம்பை அவை இளக்குகின்றன. மக்காச்சோளத் தீனியில் அத்தடிப்பு சொற்பமாதலின் அவற்றால் விளையும் நன்மையும் சொற்பமே. விளம்பரங்கள் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்போர்க்குக் குஞ்சும் தீனியும் கம்பெனியாரே தருகின்றனர். ஒரு கிலோ எடைக்கு எத்துணைக் கிலோ தீனி சென்றது என்ற கணக்கும் கூலியை நிர்ணயிக்கின்றது. மூட்டையினுள் இருக்கும் நொதி உயிரோடிருக்கிறதா, வெந்துபோயிற்றா என்பதைக் குடியானவர் கண்ணால் அறியார். நஷ்டமோ அவர் கணக்கிலும் ஏறும். படைக்குதிரைகளுக்கென 1824-இல் தோன்றிய கால்நடைப் பண்ணையை உடைய இதே ஓசூரில், மத்திகிரியிலே கோழியின உற்பத்திக்கென ஒரு கல்லூரி இன்று நடைபெறுகின்றது. ஐயமுள்ள தீனியின் மாதிரியை எடுத்துக்கொண்டு ஆங்குள்ள ஆசிரியர்களை அணுகிக் கேட்பதற்கு நம் எல்லைப்புறத்தார் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை.