பெயர் சொன்னால் வரும் மாடியூல்

கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடரை நிரல் என்கிறோம். பெரிய நிரலை ஒரே கோப்பில் அடைப்பதில்லை. வேலைக்கொன்றாகப் பிரித்து வைக்கிறோம். அத்தகைய கோப்பு ஒவ்வொன்றும் ஒரு மாடியூல். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் மொழியில், வேண்டிய மாடியூலை 'இம்போர்ட்' என்னும் கட்டளையால் வரவழைக்கிறோம். ஆனால் அதன் பெயரை நிரல் எழுதும்போதே எழுதிவிட வேண்டும். எது தேவை என்பது ஓடும்போதுதான் தெரியுமென்றால் என்ன செய்வது?

2005இல் வெளிவந்த ஜாங்கோவைப் பார்ப்போம். இணையத்தளம் அமைக்க உதவும் பைத்தான் மென்பொருள் இது. தகவலைச் சேமிக்க எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்களுள் ஒன்றை நாம் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி மாடியூல் உண்டு. அனைத்தையும் முதலிலேயே வரவழைத்தால், ஆரக்கிளுக்குரிய துணை மென்பொருள் இல்லாத கணினியில் நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும், நமக்கு ஆரக்கிளே வேண்டாமென்றாலும்! ஆகவே அமைப்புக் கோப்பில் ஒரு பெயரை மட்டும் வெறும் எழுத்தாக எழுதி வைக்கிறோம். ஜாங்கோ அதைப் படித்து, அந்த ஒன்றை மட்டும் அழைக்கிறது.

இதற்குப் பயன்படுவது 'இம்போர்ட்லிப்' என்னும் பகுதி; 2009இல் பைத்தான் 3.1 பதிப்பில் சேர்ந்தது. அதிலுள்ள 'இம்போர்ட் மாடியூல்' என்ற செயற்கூற்றிடம் பெயரைக் கொடுத்தால் மாடியூல் கைக்கு வரும். அதற்கு முன்பிருந்த பழைய வழி இன்றும் உண்டு. ஆனால் புள்ளி வைத்து இணைத்த பெயரைக் கொடுத்தால், அது முதற்பெயருக்குரியதையே தரும். மகனைக் கூப்பிட்டால் அப்பா எழுந்து வருகிற கதைதான்.

ஒன்றை மறக்கலாகாது. மாடியூலை முதன்முறை வரவழைப்பது அதைப் படித்துப் பார்ப்பதன்று; அதிலுள்ள கட்டளைகளை ஓட்டுவதாகும். முன்பின் அறியாத ஒருவர் தட்டச்சு செய்த பெயரை அப்படியே கொடுத்தால், எதை ஓட்டுவது என்ற முடிவை அவரிடம் விட்டவர்களாகிறோம். அனுமதித்த பெயர்களின் பட்டியலை நாமே வைத்துக்கொண்டு, அதிலில்லாத பெயரை மறுப்பதே முறை.

இன்னொரு சங்கடம். பைஇன்ஸ்டாலர் போன்ற கருவிகள் நிரலை ஆராய்ந்து, தேவையான மாடியூல்களைச் சேர்த்துப் பொட்டலமாக்கும். ஓடும்போது படிக்கப்படும் பெயர் அவற்றின் கண்ணில் படாது. எழுதியவர் கணினியில் நன்றாக ஓடிய நிரல், வாங்கியவர் கணினியில் மாடியூல் இல்லையென்று நின்றுவிடும். அத்தகைய பெயர்களை அந்தக் கருவியிடம் நாமே தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.