பழவேற்காட்டு உரையாடலும் தரங்கம்பாடி மடல்களும்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை அமைத்தனர். இருபதாண்டு கழியுமுன் அங்குச் சமயகுருவாக வந்த ஆபிரகாம் ரொகேரியுசு என்பார், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றை எழுதிவைத்தார். அவர் மறைந்தபின் அந்நூல் 1651இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றிற் புகுந்தது இந்நூல் வழியே ஆகும். ஆயின் ஈண்டு நாம் கருதற்பாலது வேறொன்று: அவ்விருவரையும் இணைத்த மொழி போர்த்துக்கீசியம். தமிழ் வழங்கும் ஊரிலே ஆண்டுகள் பல வாழ்ந்தும், ஆசிரியர் தமிழின் புறவாயிலிலேயே நின்று கேட்டார். (இன்று அவ்வூர்க்கு மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வடபுலத்துத் தொழிலாளரும் நம்மவரும் இந்தியை இடையிட்டுப் பேசிக்கொள்வது இதனை நினைவூட்டும்.)

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது வேறு. 1706இல் அங்குக் கரையிறங்கிய சீகன்பால்கு, முதிய ஆசிரியர் ஒருவரின் பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்துவித்து, சிறாரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழர் இயற்றிய சுவடிகள் நூற்றுக்கு மேற்பட்டன குறிப்புடன் இடம்பெற்றன. இவ்வாறு மொழியைக் கைவரப்பெற்ற பின்னரே, 1712 முதல் 1714 வரை, அவரும் கிரூண்ட்லரும் தமிழ் மக்களுக்கு வினாக்கள் எழுதி விடுத்து விடைமடல்கள் பெற்றனர். தெய்வங்கள், சாதி, மணம், கல்வி, மறுபிறப்பு எனப் பலபொருள் பற்றிய 99 மடல்கள் செருமானியத்தில் பெயர்க்கப்பெற்று, ஆல்லே நகரத்து அறிக்கைகளில் வெளியாயின.

இம்மடல்களின் சிறப்பு அவை தரும் செய்தியினும் அவற்றின் தொனியில் உள்ளது. எழுதியோர் வினாவுக்கு விடை கூறி அமைந்தாரல்லர், வினவியோரையே ஆராய்ந்தனர். ஆவின் ஊனுண்ணலும் கள்ளருந்தலும் தூய்மை பேணாமையும் உடையார் பிறர்க்கு நெறி புகட்டல் எங்ஙனம் என்று கேட்டனர். இடைமொழியில் நின்று கேட்பவன் செய்தி பெறுகின்றான். ஒரு மொழியின் அவையுள் அமர்பவனோ அவ்வவையின் கடாவுக்கும் ஆளாகின்றான். பழவேற்காட்டு நூலினின்று இம்மடல்கள் வேறுபடுவது இவ்விடத்தேயாம் என்பது எம் கருத்து.

எனினும் இடர்ப்பாடு ஒன்று உண்டு; அது சிறிதன்று. தமிழ் மூலங்கள் கிடைத்தில. எழுதியோர் பெயரும் அச்சிற் காட்டப்பெறவில்லை. மேலும், அழகப்பன் என ஆய்வாளர் கொள்ளும் ‘அலெப்பா’ என்னும் மொழிபெயர்ப்பாளரே மடல்களுட் பலவற்றை எழுதினார் என்பாரும் உளர். அங்ஙனமாயின், பலர் கூடிய அவையென நாம் கொள்வது ஒருவர் பல குரலிற் பேசியதாக முடியும். மடல்களின் நிலைப்பாடுகள் தம்முள் முரணுதல் மட்டும் இதனை மறுக்கப் போதாது. ஒரு கைப்பட எழுதியவற்றுள்ளும் முரண் வரும்.

நடையாராய்ச்சிக்கு மூலம் இல்லாதபோது, மடல்கள் சுட்டும் நூல்களை ஆராய்தல் ஒருவழி. அவற்றை 1708ஆம் ஆண்டுப் பட்டியலோடு ஒப்புநோக்கினால், சீகன்பால்கின் சுவடிக்கட்டில் இல்லாத நூல்கள் எவையெனத் தெளியலாம். அத்தகைய நூல்கள் எல்லா மடல்களிலும் ஒரே பாங்கிற் பரவியிருப்பின் ஒருவர் கை என்பதற்கும், சைவநூல் சில மடல்களிலும் வைணவநூல் வேறு சிலவற்றிலுமாகப் பிரிந்து நிற்பின் பலர் கை என்பதற்கும் சார்பு தோன்றும். இது முடிபாகாதாயினும், ஊகத்தினும் ஒருபடி மேலானது.

இவ்வாராய்ச்சியை மேற்கொள்ளும் மாணவர், பிலிப்ஸ் என்பார் 1717இல் இலண்டனில் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பைத் துணைக்கொள்ளற்க. அது மடல்களைச் சுருக்கி மாற்றியமைத்தது. குர்ட் லீபாவு 1998இல் பதிப்பித்த செருமானியப் பாடமே கொள்ளத்தக்கது. அதனை நேரே தமிழாக்கும் பணிக்குச் செருமானியம் கற்ற தமிழ்ப் புலவர் இருவரேனும் வேண்டும்.