துப்பாக்கிக்கேற்ற தோட்டா

நெற்கதிர் முற்றுங் காலத்திலும், மரவள்ளி, வற்றாளை முதலியன கிழங்கு வைக்குங் காலத்திலும் காட்டுப்பன்றியின் தொல்லை மிகுதியாகும். இதனைத் தடுக்கும்பொருட்டுக் கமக்காரர் பலர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். பொருந்தாத தோட்டாவை இட்டுச் சுட்டால், அத்துப்பாக்கி பன்றியினுங் கொடிய பகையாகும். குழல் வெடிப்பின் சுடுபவரின் கையோ கண்ணோ உயிரோ போய்விடலாம்.

தோட்டா உட்சென்றுவிட்டால் அது பொருத்தமானதே என எண்ணுதல் தவறு. போர் இலக்கம், நீளம் ஆகிய இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும்.

போர் இலக்கம்: ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்றின் பருமனே 12 போர்க் குழலின் துளையளவாகும். 20 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றுஞ் சிறிதாகும். எனவே, இலக்கம் கூடக் குழல் ஒடுங்கும். 12 போர்க் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8, 20 போர் 15.6.

12 போர்த் துப்பாக்கியில் 20 போர்த் தோட்டாவை இடுதல் பெரும் ஆபத்தாகும். அது தோட்டா அறையைக் கடந்து நழுவிக் குழலினுள் இறுகி நிற்கும். அறை வெறுமையாயுள்ளதென எண்ணி, அதன் பின்னே 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால், குழல் பிளந்துவிடும். இதனாலேயே 20 போர்த் தோட்டாக்கள் பொதுவாக மஞ்சள் நிறத்திற் செய்யப்படுகின்றன. ஆயினும், நிறத்தை மட்டும் நம்பாது, தோட்டாவின் அடித்தகட்டிற் பொறித்த இலக்கத்தை வாசித்தல் வேண்டும். இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைத்தலாகாது.

நீளம்: 12 போர்த் தோட்டாக்கள் 65, 70, 76 மில்லிமீற்றர் (2½, 2¾, 3 அங்குலம்) என நீளத்தில் வேறுபடும். இவை வெடித்தபின் வாய் விரிந்த கோதின் நீளங்களாகும். வாய் மடிந்திருக்கும் புதுத்தோட்டா இதனிலுங் குறுகியது. ஆகவே, 70 மில்லிமீற்றர்த் தோட்டா 65 மில்லிமீற்றர் அறையினுள்ளும் எளிதிற் புகும். சுடும்போது கோதின் வாய் விரிய இடமின்றிக் குழலின் ஒடுங்கிய பகுதியை நெருக்கும். அமுக்கம் அளவு கடந்து உயரும். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளிற் பல 2½ அங்குல அறையுடையவை. நீண்ட அறையிற் குறுகிய தோட்டாவை இடலாம். குறுகிய அறையில் நீண்டதை இடலாகாது.

துப்பாக்கியின் அளவுகள் பெரும்பாலும் குழலின் அடிப்புறத்தே பொறிக்கப்பட்டிருக்கும். அவை தேய்ந்திருப்பினும், குழல் கரிமருந்துக்கெனச் செய்யப்பட்ட பழைய குழலாயிருப்பினும், அனுமதி பெற்ற துப்பாக்கித் திருத்துநரிடங் காட்டாமற் சுடுதல் கூடாது.

சுடும் ஒவ்வொரு முறையும் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. தோட்டா இடுமுன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்புறமிருந்து பார்த்தல். வயற்சேறும் குளவிக்கூடுங்கூடக் குழலை வெடிக்கச் செய்யும்.

2. வெடியோசை குன்றிக் கேட்டால், அடுத்த தோட்டாவை இடாது குழலைச் சோதித்தல்.

3. தோட்டா வெடியாவிடின், குழலை ஆபத்தற்ற திசைக்கு நீட்டியவாறே அரை நிமிடமேனும் பொறுத்துப் பின்னர் திறத்தல்.

ஒரு போக விளைச்சல் அழிந்தால் மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். இழந்த கண்ணையும் கையையும் எப்போகத்திலும் மீட்க முடியாது.