473 மரபணுக்கள், அதில் 149 புதிர்கள்

பழைய புரோகிராம் ஒன்று கைக்கு வந்தால் எங்க ஆட்கள் செய்யும் முதல் வேலை, வேண்டாத வரிகளை நீக்கிப் பார்ப்பது. நீக்கு, ஓட்டு, உடையுதா பாரு. அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனம் இதையே ஒரு பாக்டீரியாவிடம் செய்தது.

2010-ல் மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதையும், சுமார் 10.8 லட்சம் எழுத்துகள், செயற்கையாகத் தயாரித்து வேறொரு மைக்கோபிளாஸ்மா இனத்தின் செல்லுக்குள் வைத்தார்கள். செல் புது டி.என்.ஏ. சொன்னபடி நடந்து பெருகியது. "செயற்கை உயிர்" என்று அதற்குப் பெயர் வைத்தது கொஞ்சம் ஓவர்தான். உடம்பு இரவல், டி.என்.ஏ.வும் பெரும்பாலும் இயற்கை எழுதியதன் நகல்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். ஒரு செல் உயிர் வாழ எத்தனை மரபணு போதும்? முதலில், அதுவரை தெரிந்த உயிரியலை வைத்து மேசையிலேயே ஒரு பட்டியல் போட்டார்கள். அதன்படி கட்டிய டி.என்.ஏ. உயிர் தரவில்லை. சரி, ஒவ்வொரு மரபணுவாகக் கெடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். அதிலும் ஒரு சிக்கல். ஒரே வேலையை இரண்டு மரபணுக்கள் செய்தால், எதைத் தனியாக எடுத்தாலும் செல் சாகாது. அதனால் இரண்டுமே "தேவையில்லை" என்ற பக்கம் போய்விடும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் செல் காலி. சர்வர் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: மெயினை அணைத்தால் பேக்கப் தாங்கும், பேக்கப்பை அணைத்தால் மெயின் தாங்கும். இரண்டும் உதிரி என்று அர்த்தமில்லை.

இப்படி வடிகட்டி 2016-ல் வெளியிட்ட சின்3.0-ல் மிஞ்சியவை 473 மரபணுக்கள். அவற்றில் 149 என்ன செய்கின்றன என்றே அப்போது தெரியவில்லை! கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்தச் செல் பிரியும்போதும் தாறுமாறான வடிவங்களில் பிரிந்தது. 19 மரபணுக்களைத் திரும்பச் சேர்த்த சின்3ஏ ஒழுங்காகப் பிரிந்தது. அந்த ஒழுங்குக்கு ஏழு மரபணுக்கள் தேவை என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். அந்த ஏழில் செல் பிரிதலோடு தொடர்புள்ளவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தவை இரண்டே.

2022-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் குழு சின்3ஏ-யைக் கணினிக்குள் கட்டி, அதன் வாழ்க்கையில் 20 நிமிடத்தை முப்பரிமாணத்தில் ஓட்டிக் காட்டியது. பெரிய சாதனைதான். ஆனா வேலை தெரியாத மரபணுவுக்கு அதில் என்ன சமன்பாடு எழுத முடியும்? புரதம் உருவாவதையும், அதற்காகும் ஆற்றல் செலவையும் கணக்கில் சேர்க்கலாம். உருவான பிறகு அது செய்யும் வேலைக்கான இடம் காலியாகத்தான் இருக்கும்.