அம்மாவைப் பார்க்கப் போவதா, வேண்டாமா? முதியோர் இல்லத்தை நினைத்துத் தவிக்கும் மகன்

புதுவாயல் கூட்டுரோடு. ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. அவர் கையில் ஒரு பை. பைக்குள் 4 சாத்துக்குடி, ஒரு பாக்கெட் ரொட்டி, துவைத்து மடித்த நூல் புடவை. பெரியபாளையம் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்சும் வந்தது. அதிலும் ஏறவில்லை.

"ஏன் அண்ணே, போகலையா?" என்று கேட்டதுதான் தாமதம். மனதில் இருந்ததைக் கொட்டித் தீர்த்து விட்டார்.

அவருக்கு வயது 42. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. தாயாருக்கு 76. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து விட்டன. மனைவியும் வேலைக்குப் போகிறார். வேறு வழி இல்லாமல் தாயாரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்து இருக்கிறார்.

அவர் கூறியதாவது:-

"ரெண்டு நாளா எனக்கு சளி, இருமல். போனா அம்மாவுக்கு ஒட்டிக்குமோன்னு பயம். போகலேன்னா அது சரியா சாப்பிடாது. 2020-ல ஊரடங்கு வந்தப்போ கேட்டைப் பூட்டிட்டாங்க. அப்போ பாதி உடம்பா இளைச்சுப் போச்சு. போன வாரம் பக்கத்து கட்டில் பாட்டி ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருந்துதாம். ஒரே ஆயாதான் எல்லாருக்கும் சோறு ஊட்டுது. 'கை கழுவுறீங்களா?'ன்னு கேக்கணும். கேட்டா, 'இஷ்டம் இல்லேன்னா கூட்டிட்டுப் போ'ன்னு சொல்லிட்டா? நான் எங்கே சார் கூட்டிட்டுப் போவேன்?"

சொல்லும்போதே அவர் கண்கள் கலங்கி விட்டன.

வீண் பயமா?

வீண் பயம் அல்ல. 2020 ஜூன் மாதம் சென்னை ராயபுரம் அரசு காப்பகத்தில் 35 குழந்தைகளை கொரோனா தாக்கியது. சுப்ரீம் கோர்ட்டு தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. குழந்தைகள் காப்பகங்களில் என்னென்ன முன்ஜாக்கிரதை தேவை என்று ஏப்ரல் 3-ந்தேதியே அந்தக் கோர்ட்டு உத்தரவிட்டு இருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2020 தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலம் கிர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லம். தங்கி இருந்தவர்கள் 101 பேர், ஊழியர்கள் 50 பேர், பார்க்க வந்தவர்கள் 16 பேருக்கு கொரோனா. உடம்பு சரியில்லாத ஊழியர்கள் வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் பல இல்லங்களில் வேலை பார்த்ததும் நோய் பரவ உதவின என்று தெரிய வந்தது.

படுத்த படுக்கையாக இருப்பவர் நோயைத் தேடிப் போவது இல்லை. நடமாடுகிறவர்கள்தான் கொண்டு வந்து கொடுக்கிறார்கள்.

சொறி, சிரங்கு

சிரங்கு என்றால் அலட்சியம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. தோலோடு தோல் படுவதால் தொற்றும். துணி, படுக்கையாலும் வரலாம். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் வரை ஆகும். அதற்குள் அறை முழுவதும் பரவி விடும். ஆகவே ஒருவருக்கு மட்டும் மருந்து பூசினால் போதாது. அறையில் உள்ளவர்கள், ஆயா உள்பட எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். துணி, போர்வையை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். வீட்டில் நல்ல உடம்போடு இருப்பவரை அனுப்புங்கள். உள்ளே போனதும் சோப்பு போட்டு 40 வினாடிக்குக் குறையாமல் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கு பரவும் நேரத்தில் கைக்குத் தடவும் மருந்தை மட்டும் நம்ப வேண்டாம். சோப்பும் தண்ணீரும்தான் நல்லது.

வயதானவர்களுக்கு நோய் வந்தால் காய்ச்சல் அடித்தே தீரும் என்பது இல்லை. சாப்பாடு வேண்டாம் என்பார்கள். திடீரென்று பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது. அதுவே அபாய அறிகுறி. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2 வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். புளூ காய்ச்சல் ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

இல்லத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். சண்டைக்குப் போவது போல் கேட்காமல், ஒரு டஜன் சோப்பு வாங்கிக் கொடுத்து விட்டுக் கேளுங்கள்! அதற்கும் மசியவில்லையா? முதியோர் உதவி போன் எண் 14567. கட்டணம் கிடையாது.

பஸ் போய் விட்டது

அவர் அன்று பஸ் ஏறவில்லை. பெட்டிக்கடை ஓரமாக நின்று இல்லத்துக்குப் போன் போட்டார். ஆயா போனைத் தாயாரின் காதில் வைத்தார்.

"அம்மா, எனக்கு சளி. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். இன்னிக்கு உன் மருமக வருவா. சாத்துக்குடி குடுத்து அனுப்பறேன். சாப்பிடும்மா..."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, பையை எடுத்துக் கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.