மலைச்சரிவும் படக்கருவியும்



திரைப்படம் என்றவுடன் கதையும் பாட்டுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. கற்பனைக் கதையை நாடாது, உள்ள வாழ்வை உள்ளவாறே காட்டும் படவகை ஒன்றும் உண்டு. அதனை முன்னாளில் விவரணப்படம் என்றனர். இன்று ஆவணப்படம் என்கிறோம். உழைப்போர் வாழ்வை அப்படம் எவ்வாறு காட்டவேண்டும்? போடிநாயக்கனூரையும் அதற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் சான்றாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

1929-ஆம் ஆண்டில் ஜான் கிரியர்ஸன் 'டிரிஃப்டர்ஸ்' என்னும் மௌனப்படத்தை ஆக்கினார். வடகடலில் மீன்பிடிப்போரின் உழைப்பே அதன் பொருள். 1935-இல் வெளிவந்த 'ஹவுஸிங் பிராப்ளம்ஸ்' மேலும் ஓர் அடி சென்றது. இலண்டன் நகரச் சேரிமக்கள் அதில் படக்கருவியின் முன்நின்று, தம் வீட்டின் அவலத்தைத் தம் வாயாலேயே கூறினர். முதற்படம் உழைப்பைக் காட்டியது. பிற்படம் உழைப்பவர் குரலைக் கேட்கச் செய்தது. இவ்விரண்டும் இவ்வகைப் படங்களுக்கு இரு கண்கள் எனலாம்.

இக்கண்களால் ஏலமலையை நோக்குவோம். பயணிக்குப் போடிமெட்டுச் சாலை பனியும் பசுமையுமாகக் காட்சி தரும். ஆனால் தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, எல்லை கடந்து, இடுக்கித் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுக்கு அது வேலைக்குப் போகும் வழி. ஏலச்செடியின் காய்க்கொத்து உச்சியில் தோன்றுவதில்லை. தூரடியில், மண்ணை ஒட்டியே படர்கிறது. ஆகவே பறிப்போர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருத்தல் வேண்டும். காய்களெல்லாம் ஒருங்கே முற்றுவதுமில்லை. முற்றியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே செடிக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். ஏறத்தாழ நான்கைந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும்.

அந்த ஏலக்காய் பின்னர் ஏல மண்டபத்தை அடைகிறது. போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. வணிகர்கள் கணினியின் முன் அமர்ந்து விலை கூறுகின்றனர். நிறம், பருமன், எடை ஆகியன அங்கே மதிப்பிடப்படுகின்றன. பறித்த கையின் சுவடு அங்கே தெரிவதில்லை. திரைப்படத்தின் தனியாற்றல் இங்குதான் விளங்குகிறது. தொலைவில் கிடக்கும் இரு காட்சிகளை அது அடுத்தடுத்து வைக்கும். குனிந்த முதுகையும் ஏறும் விலையையும் சேர்த்துக் காண்பவன், விளக்கவுரை இன்றியே வினா எழுப்பத் தொடங்குவான்.

தமிழகத்தில் இதற்கு முன்னோடி உண்டு. சலம் பென்னூர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990-இல் வெளிவந்தது. சிவகாசியின் தொழில்வளத்தைப் புகழ்ந்திட்ட பெயர் குட்டி ஜப்பான். அப்பெயரோடு அங்கு உழைத்த குழந்தைகளைச் சேர்த்தவுடன் புகழ்ச்சியே கேள்வியாயிற்று. போடியையும் 'ஏலக்காய் நகரம்' என்று பெருமையுடன் அழைக்கிறோம். அப்பெருமையில் கூலியாட்களின் பங்கு எவ்வளவு என்று நாமும் கேட்கலாம் அன்றோ?

2018-இல் லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' கதைப்படமேயாயினும் ஆவணப்படத்தின் பண்பு மிக்கது. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்கும் ரங்கசாமி, ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்குகிறான். பெற்ற நிலம் கடனில் போகிறது. முடிவில், தன்னுடையதாயிருந்த மண்ணில் எழுந்த காற்றாலைக்கே அவன் காவலாளாகிறான். வறுமையை விதி என்று விட்டுவிடாமல், கடன், நிலம், விலை என்று காரணங்களைத் தொடர்ந்து காட்டுவதே இப்படத்தின் சிறப்பு.

படமெடுப்போர்க்கு ஒரு கடமையுண்டு. நாட்கூலி பெறுவோரை நிறுத்திப் படமெடுத்தால் அன்றைய ஊதியம் குறையும். குறையை வெளிப்படச் சொன்னவருக்கு மறுநாள் வேலை கிடையாமலும் போகலாம். இயக்குநர் ஊர் திரும்பிவிடுவார்; பேசியவர் மலையிலேயே இருப்பார். ஆதலின், பேசுவோரின் இசைவைப் பெறுவதும், விளைவை முன்கூட்டி அவருக்கு விளக்குவதும், முகம் மறைக்க விரும்பின் மறைப்பதும் இன்றியமையாதன. நிறைவுற்ற படத்தை நகரத்து அரங்குக்குக் கொண்டுசெல்லுமுன் அவர்கள் ஊர்ச் சாவடியில் திரையிடுதல் நன்று. தம் வாழ்வு சரியாகச் சொல்லப்பட்டதா என்று தீர்ப்புக் கூற அவர்களைவிடத் தகுதியுடையோர் யாவர்?